மார்கரெட் தெருவின் தூபம்: இங்கிலாந்துத் திருச்சபைக்குள் ஒரு கத்தோலிக்கக் கோவிலா?

கேள்வி (ஜனவரி 28)

சென்ற வாரம் அலுவலக வேலையாக லண்டன் போயிருந்தபோது, ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், மார்கரெட் தெருவில் ஒரு செங்கல் கோவிலுக்குள் நுழைந்தேன். தூப வாசனை, மாதா சொரூபம், பாவசங்கீர்த்தன அறிவிப்பு, பீடத்துக்கு மேலே தொங்கும் நற்கருணைப் பாத்திரம் எல்லாம் இருந்தன. கத்தோலிக்கக் கோவில் என்று நம்பி முழங்காலிட்டு ஜெபித்தேன். வெளியே வந்து பலகையைப் பார்த்தால் இங்கிலாந்துத் திருச்சபை என்றிருக்கிறது. நான் கத்தோலிக்கன். மறைக்காமல் கேட்கிறேன்: இது வேஷம்தானே?

ஜனவரி 28, இரவு

வேஷம் அன்று. நான் தமிழ்நாட்டு நாசரேத் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன், பதினோரு ஆண்டுகளாக அந்தக் கோவிலின் பின்வரிசையில் உட்காருகிறவன். சகல பரிசுத்தவான்கள் ஆலயம் என்பதே அதன் பெயர், ஆனால் லண்டனில் எல்லாரும் "மார்கரெட் தெரு" என்றே சொல்வார்கள்.

இங்கிலாந்துத் திருச்சபையை எட்டாம் ஹென்றி தொடங்கினார் என்று நாம் படித்ததை அந்தச் சபையிலேயே ஒரு சாரார் ஒப்புக்கொள்வதில்லை. அப்போஸ்தலர் காலத்திலிருந்து தலையில் கைவைத்துப் பட்டம் கொடுத்து வந்த பேராயர் வரிசை தங்களிடம் அறுபடவில்லை என்றும், போப்பின் ஆட்சியிலிருந்து விலகியதே தவிர அதே திருச்சபைதான் தொடர்கிறது என்றும் அவர்கள் நம்புகிறார்கள். 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கீபிள் ஆற்றிய பிரசங்கத்திலிருந்து இந்த எண்ணம் இயக்கமாயிற்று. அயர்லாந்தின் பேராயர் பதவிகளைக் குறைக்க அரசு முயன்றபோது, திருச்சபை என்ன அரசாங்கத்தின் ஒரு இலாகாவா என்று அவர்கள் கேட்டார்கள். இயக்கத்தின் தலைவர்களான கீபிள், நியூமன், பியூசி ஆகியோரின் கவலையெல்லாம் கொள்கையைப் பற்றியதே. தூபமும் பூவேலைப்பாடு கொண்ட அங்கியும் அடுத்த தலைமுறை நகரக் கோவில்களில் கொண்டுவந்தவை. அதற்காக மார்கரெட் தெருக் குருமார் சிறைக்கே போனார்கள். வேஷத்துக்காக யாரும் சிறைக்குப் போவதில்லை.

ஜனவரி 29

இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் இரவில் நம் ஊர்க் கோவில்களில் பாடும் "பக்தரே வாரும்" பாட்டின் ஆங்கில வடிவம் பிறந்தது இந்த இடத்துக்காகத்தான். இப்போதுள்ள கோவிலுக்கு முன்னால் அதே இடத்தில் மார்கரெட் சிற்றாலயம் என்று ஒன்று இருந்தது. 1839 முதல் அதன் பொறுப்பில் இருந்த ஃபிரெடரிக் ஓக்லி, லத்தீனில் இருந்த அந்தப் பாடலை 1841இல் தம் சபையார் பாடுவதற்காக மொழிபெயர்த்தார். 1845இல், நியூமன் போன அதே ஆண்டில், அவரும் ரோமன் கத்தோலிக்கராகிவிட்டார். ஆகவே உங்கள் கோவிலிலும் எங்கள் கோவிலிலும் நள்ளிரவில் ஒலிக்கும் பாட்டில் வீட்டை விட்டுப் போன ஒருவரின் கை இருக்கிறது.

ஜனவரி 29, சற்றுப் பின்னர்

ஒருவர் தனிமடலில் சரியாகவே பிடித்துவிட்டார். ஓக்லியின் முதல் வடிவம் இன்று ஆங்கிலத்தில் பாடப்படும் சொற்களோடு தொடங்கவில்லை. 1852இல் வெளிவந்த ஒரு பாடல் தொகுப்பில்தான் முதலடி இப்போதைய உருவத்துக்கு மாறியது. மூலமான லத்தீன் பாட்டு பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஃபிரான்சிஸ் வேட் என்ற ஆங்கிலக் கத்தோலிக்கரின் கையெழுத்துப் படிகள் வழியாக நமக்குக் கிடைத்தது. அதாவது கத்தோலிக்கரிடமிருந்து வந்து, ஆங்கிலிக்கனிடம் (இங்கிலாந்துத் திருச்சபையாரிடம்) தங்கி, அவரோடு மறுபடியும் ரோமுக்குப் போன பாட்டு. வேஷம் யாருடையது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரி 31

கட்டடத்தைப் பற்றிக் கேட்டவருக்கு நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கோவிலின் கொள்கையில் பாதி அதன் சுவரில் இருக்கிறது.

நிலம் ஏறக்குறைய நூறடிக்கு நூறடி. நம் கணக்கில் இருபத்து மூன்று சென்ட். அதற்குள் ஒரு கோவில், குருமனை, பாடகர் பள்ளி, நுழைவு முற்றம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். வழிபாடு எப்படி நடக்கவேண்டுமோ அப்படி நடப்பதற்கு ஒரு மாதிரிக் கோவில் வேண்டும் என்று கோவிற்கட்டடக் கலையை ஆராய்ந்துவந்த ஒரு சங்கத்தார் விரும்பினார்கள். அவர்களில் முன்நின்றவர் நாடாளுமன்ற உறுப்பினரான பெரஸ்ஃபோர்ட் ஹோப், கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட். 1850 நவம்பரில் பியூசி அடிக்கல் நாட்டினார். 1859 மே 28 அன்று பிரதிஷ்டை நடந்தது. நிலமும் சேர்த்து ஏறக்குறைய 70,000 பவுண்டு ஆயிற்று, அதில் 30,000 பவுண்டை டிரிட்டன் என்ற வங்கியாளர் ஒருவரே கொடுத்தார்.

அக்காலத்தில் கோவில் என்றால் சாம்பல்நிறக் கல்லில், நாட்டுப்புறத்து இடைக்காலக் கோவிலின் சாயலில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பட்டர்ஃபீல்ட் செங்கல்லை எடுத்தார். நகரத்தின் பொருள் செங்கல்தானே, நகரக் கோவில் ஏன் கிராமத்துக் கல்லைக் கடன் வாங்க வேண்டும் என்பது அவர் வாதம் போலும். செங்கல் என்றதும் சிக்கனம் என்று எண்ணவேண்டாம்; அந்த இளஞ்சிவப்புச் செங்கல் கல்லைவிட விலை கூடியது. அதில் கறுப்புச் செங்கல்லால் பட்டைகள் ஓடுகின்றன. அழுக்கேறிய தெருவில் பூசிய நிறம் நிற்காது என்பதால் நிறத்தைக் கட்டுமானத்திலேயே வைத்துவிட்டார்.

உள்ளே போனால் முதலில் கண் கூசும். சலவைக்கல் பதித்த பிரசங்க பீடம், கட்டம் கட்டமான தரை, ஒரு அங்குலம்கூட வெறுமையாக விடாத சுவர்கள். முதல் ஆண்டு முழுவதும் எனக்கு அது பிடிக்கவே இல்லை. புடவைக்கடை மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். இப்போது அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன், அரைமனதோடு.

கவனித்திருப்பீர்கள், பீடத்துக்குப் பின்னால் சன்னல் கிடையாது. பின்புறம் பிற கட்டடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் கிழக்குச் சன்னல் வைக்க வழியில்லை. அந்தக் குறையே சுவர் முழுவதும் பரிசுத்தவான்களை வரிசை வரிசையாக நிறுத்துவதற்குக் காரணமாயிற்று. முதலில் வில்லியம் டைஸ் ஈரச் சுண்ணாம்பில் நேரடியாக வரைந்தார். லண்டனின் நிலக்கரிப் புகையில் அது ஐம்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1909இல் நினியன் காம்பர் புதிதாகப் பலகைகளில் வரைந்து அதே இடத்தில் பொருத்தினார். 1870களில் வடக்குச் சுவருக்கு ஓவியம் தேவைப்பட்டபோது பட்டர்ஃபீல்ட் சூளையில் சுட்ட ஓடுகளைப் பயன்படுத்தியதற்கும் புகைதான் காரணம் என்று எனக்குத் தோன்றும். ஈரத்துணியால் துடைத்தால் போதுமே.

கட்டி முடிப்பதற்குள் ஹோப்புக்கும் பட்டர்ஃபீல்டுக்கும் அலங்காரத்தைப் பற்றிச் சண்டை வந்துவிட்டது. கோவில் கட்டிய கமிட்டி எதிலாவது சண்டையில்லாமல் முடிந்ததாக யாராவது அறிந்தால் எழுதுங்கள்.

பிப்ரவரி 2

கோபுரக் கூம்பு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைவிட உயரமா என்று சந்தேகம் கிளப்பியவருக்கு: 227 அடி. அபேயின் மேற்குக் கோபுரங்கள் 225 அடி. இரண்டடி கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் தெரு குறுகலாக இருப்பதால் எதிர்ப்புற நடைபாதையில் நின்று கழுத்தை ஒடித்தால்தான் தெரியும்.

பிப்ரவரி 2, இரவு

இன்று கர்த்தரை ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். எல்லாருக்கும் மெழுகுவர்த்தி கொடுத்து, அதை ஏந்திக்கொண்டு கோவிலைச் சுற்றிப் பவனி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாகப் போனதும் இதே திருநாளுக்குத்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று எனக்கு எப்போது எழவேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு முதிய அம்மையார் நின்றதால் அவர் செய்வதையெல்லாம் செய்தேன்; அவருக்கு முழங்கால் வலி போலும், பாதி இடங்களில் அவரே உட்கார்ந்துவிட்டதால் நானும் உட்கார்ந்து, தனித்துத் தெரிந்தேன். தூபக்கலசம் எங்கள் வரிசைக்கு எதிரே வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. ஆயினும் ஜெபங்கள் தொடங்கியபோது திகைத்துப் போனேன். எங்கள் ஊர்க் கோவிலில் தாத்தா வைத்திருந்த பழைய ஜெபப் புத்தகத்தின் வரிகளுக்கு மூலமான ஆங்கில வரிகள் அவை. சொல் மாறினாலும் மூச்சு நிற்கும் இடம் மாறவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது உங்கள் கோவில், காதில் விழுந்தது எங்கள் கோவில்.

1943 முதல் 1951 வரை அங்கே குருவாக இருந்த சிரில் டாம்கின்சன் இதைத் திரைப்படத் தலைப்புப் பட்டியல் போலச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: இசை மோட்சார்ட், அசைவுகள் ஃபோர்ட்டெஸ்க்யூ, அலங்காரம் காம்பர், வசனம் மட்டும் கிரான்மர். ஃபோர்ட்டெஸ்க்யூ என்பவர் ரோமன் சடங்கு முறைகளுக்குக் கையேடு எழுதிய ரோமன் கத்தோலிக்கக் குரு. கிரான்மர் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கில ஜெபப் புத்தகத்தைத் தொகுத்துப் பின்னர் கம்பத்தில் எரிக்கப்பட்ட பேராயர். இரண்டு பேரையும் ஒரே பீடத்தில் நிறுத்தினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களா என்பது வேறு கேள்வி.

பிப்ரவரி 4

முதல் குறிப்பில் பெரிய தவறு செய்துவிட்டேன். மார்கரெட் தெருக் குருமார் எவரும் சிறைக்குப் போகவில்லை. சிறை சென்ற ஐவரும் பிற கோவில்களைச் சேர்ந்தவர்கள். 1874இல் பொது வழிபாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது; அங்கி, பீட விளக்கு, தூபம், ரசத்தில் தண்ணீர் கலப்பது போன்றவற்றுக்காக வழக்குத் தொடுத்தார்கள்; குருமார் அந்த நீதிமன்றத்தை மதிக்க மறுத்ததால் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைப்பட்டார்கள். ஆர்தர் டூத் 1877இல் முதலாவதாகப் போனார். சிட்னி கிரீன் 1881இல் லங்காஸ்டர் கோட்டையில் அடைக்கப்பட்டு ஓராண்டுக்கு மேல் கிடந்தார். ரசத்தில் இரண்டு துளி தண்ணீர் கலந்ததையும் குற்றங்களில் ஒன்றாக எண்ணிய காலம் அது.

இதில் மார்கரெட் தெருவுக்கு உள்ள தொடர்பு வேறு. அந்தச் சட்டத்துக்கு முன்நின்ற கேன்டர்பரி பேராயர் டெய்ட்தான், லண்டன் பேராயராக இருந்தபோது 1859இல் இந்தக் கோவிலைப் பிரதிஷ்டை செய்தவர்.

ஏழைகளின் கோவில் அது என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. துறைமுகத்துப் பக்கம் 1866 காலரா காலத்தில் நோயாளிகளோடு நின்ற சார்ல்ஸ் லௌடர், ஹோல்பர்னின் சந்துகளில் உழைத்த மக்கனோக்கி ஆகியோரின் கோவில்களுக்கே அந்தப் பெயர் பொருந்தும். மார்கரெட் தெருவில் பணம் இருந்தது. ஆனால் 1851இல் அதே தெருவில் ஹாரியட் பிரவுன்லோ பைரன் என்ற அம்மையார் தொடங்கிய ஏழைகளின் சகோதரிகள் சபை, யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் தாதிப் பணியைப் பல்லாண்டு நடத்தியது, பம்பாய்க்கும் வந்தது. ஆகவே முழுமையாகப் பணக்காரக் கோவில் என்று சொல்லவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிப்ரவரி 5

ஐவரின் பெயரையும் கேட்டவருக்கு: டூத், டேல், என்ராட், கிரீன், பெல் காக்ஸ். கடைசியாக உள்ளே போனவர் பெல் காக்ஸ், 1887இல்.

பிப்ரவரி 9

இது சற்றே விலகல். தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது.

வெற்றி பெற்றவர் வாக்கு எண்ணிக்கையின் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு கணமும் பின்தங்காமலும் சமநிலைக்கு வராமலும் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது கணிதத்தில் புகழ்பெற்ற கேள்வி. விடை எளிது: இருவரின் வாக்கு வித்தியாசத்தை மொத்த வாக்குகளால் வகுத்தால் போதும். மூன்று வாக்கும் ஒரு வாக்கும் என்றால் பாதிக்குப் பாதி. இதை 1878இல் வெளியிட்டவர் வில்லியம் ஆலன் விட்வொர்த். அவரே 1886 முதல் 1905இல் இறக்கும்வரை மார்கரெட் தெருவின் குரு. சூதாட்டக் கணக்கில் வல்லவரான ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவர்கள் என்ன உணர்ந்தார்களோ.

பிப்ரவரி 11

பாடகர் குழுவைப் பற்றி அக்கா ஒருவர் கேட்டிருந்தார். அங்கே சிறுவர்களுக்கான பாடகர் பள்ளி இருந்தது. நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அதில் படித்தவர். 1917இல் பள்ளி மாணவர்கள் ஜூலியஸ் சீசர் நடித்தபோது, பத்து வயது ஒலிவியர் புரூட்டஸாக வந்ததை அன்றைய பெரும் நடிகை எலன் டெரி பார்த்துப் பாராட்டினார். தந்தையும் இதே போக்குடைய ஆங்கிலிக்கன் குரு. தூபம், ஆடை, பவனி, மௌனம் ஆகியவற்றோடு வளர்ந்த சிறுவன் மேடைக்குப் போனதில் வியப்பில்லை. உங்கள் "வேஷம்" என்ற சொல் இந்த ஓரிடத்தில் மட்டும் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளி 1968இல் மூடப்பட்டது. உயர்குரல் பகுதியை இப்போது பெரியவர்களே பாடுகிறார்கள். ஹாரிசன் நிறுவனம் 1910இல் செய்த ஆர்கன் கோவிலில் இருக்கிறது. அதன் தாழ்ந்த சுரம் ஒலிக்கும்போது காதுக்கு முன் இருக்கைப் பலகைக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 16

இவ்வளவு புகழ்கிறாயே, உன் சபையை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று நாகர்கோவில் அண்ணன் கேட்டிருக்கிறார். தவிர்க்க நினைத்திருந்தேன், கேட்டபின் எழுதுகிறேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. இதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. முன்நின்றவர்களில் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்) ஒருவர். இணைப்பைக் காணாமலேயே 1945இல் கண்மூடினார். இந்த இணைப்பை இங்கிலாந்தில் மிகக் கடுமையாக எதிர்த்தவர்கள் ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள், அதாவது மார்கரெட் தெருவின் போக்குடையவர்கள். பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்களும் மறுபட்டம் இல்லாமல் புதிய சபையில் குருவாகத் தொடரலாம் என்ற ஏற்பாட்டை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. லண்டன் குளோஸ்டர் சாலைக் கோவிலின் வார்டனாக இருந்த கவிஞர் டி.எஸ். எலியட்டே 1943இல் இதற்கு எதிராக ஒரு சிறுநூல் எழுதினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனின் சபையார், அந்த மிஷனின் பொதுநிதி புதிய சபைக்குக் கிடையாது என்றாயிற்று. ஆந்திரத்து நந்தியாலில் பல எஸ்.பி.ஜி. சபைகள் அப்போது இணையாமல் நின்றுவிட்டன.

எனக்கு ஆறாதது ஒன்று. 1896இல் பதின்மூன்றாம் லியோ போப், ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் செல்லவே செல்லாது என்று அறிவித்தார். அந்த அவமானத்தை நெஞ்சில் சுமந்தவர்கள், ஐம்பது ஆண்டு கழித்து அதே அளவுகோலை எடுத்து எங்களை அளந்தார்கள். மாமியாரிடம் பட்டவள் மருமகளிடம் காட்டிய கதை.

பிப்ரவரி 17

நேற்று கோபத்தில் எழுதியதில் நியாயம் குறைந்துவிட்டது. எங்கள் பட்டங்கள் அனைத்தும் செல்லாது என்று அவர்கள் எல்லாரும் சொல்லவில்லை. பேராயர் கைவைக்காத பட்டங்களைப் பற்றியதே வாதம். 1955இல் கேன்டர்பரி, யார்க் மாகாண மன்றங்கள், இணைப்பின்போதும் அதற்குப் பின்னும் சி.எஸ்.ஐ.யில் பட்டம் பெற்ற பேராயர்களையும் குருமாரையும் மெய்யான பட்டம் பெற்றவர்களாக ஏற்றுக்கொண்டன. கொள்கைப்படி பார்த்தால் அவர்கள் நிலைப்பாட்டில் முரண் இல்லை; கைவைத்த தொடர்ச்சிதான் திருச்சபை என்று நம்புகிறவன் அந்தத் தொடர்ச்சி அறும் என்று அஞ்சினால் கத்தத்தான் செய்வான்.

ஆனாலும் மாமியார் உவமையை நீக்கப் போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் இதே போக்குடைய வேறொரு கோவிலில் (பெயர் வேண்டாம்) தேநீர் நேரத்தில் ஒருவர் என்னிடம், உங்கள் பேராயர்கள் உண்மையான பேராயர்கள்தானா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டு, 1955லிருந்து என்று பதில் சொன்னேன்.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, மார்ச்சில் மறுபடியும் லண்டன் போவதாகவும், ஞாயிறு பூசைக்கு அங்கே போகலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

போகலாம். பெரிய பூசை காலை பதினொரு மணிக்கு. மாலை ஆறு மணிக்கு ஆங்கிலிக்கன் மாலை ஜெபமும் அதைத் தொடர்ந்து உங்களுக்குப் பழக்கமான நற்கருணை ஆசீரும் இருக்கும். நான் மாலையையே சொல்வேன், இரண்டு சபைகளும் ஒரே மணிநேரத்தில் அடுத்தடுத்து வருவது அப்போதுதான் தெரியும். உங்கள் திருச்சபை ஒழுங்குப்படி அங்கே நீங்கள் நற்கருணை வாங்கக்கூடாது. உங்கள் கோவிலில் எனக்கும் அப்படியே. காலையில் போனால், எல்லாரும் பீடத்துக்குப் போகும் அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருந்து வடக்குச் சுவரின் ஓடுகளைப் பாருங்கள். உங்களுக்கும் தூபத்தில் இருமல் வருமென்றால் கடைசி வரிசைக்கு வாருங்கள், கதவு பக்கத்தில்தான் இருக்கிறது; ஓர இடம் மட்டும் என்னுடையது.